கண்டியிலிருந்து வீடு கட்டிய பெண்

எமது சங்கம் நூறாவது ஆண்டை எட்டும் இவ்வேளையில், பழைய மாணவியர் பலரும் ஒரு விடயத்தை ஒப்புக்கொள்வோம். நாம் படித்த காலத்தில் சித்திரப் பாடமும் தையற் பாடமும் “பொழுதுபோக்கு” என்றே எண்ணப்பட்டன. கணிதமும் விஞ்ஞானமும் தொழிலுக்கு. சித்திரம் வீட்டை அழகுபடுத்த. அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்குச் சான்றாக எம் நாட்டிலேயே வாழ்ந்தவர் மினெட் டி சில்வா. வீட்டின் உள்ளழகையே தொழிலாக்கி, அத்தொழிலால் உலகை எட்டிய அவரை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

அவர் 1918 பெப்ரவரி 1ஆம் திகதி கண்டியிற் பிறந்தார். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா சட்டத்தரணி. பின்னாளில் சுகாதார அமைச்சரானவர். தாய் அக்னஸ், 1927இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களுள் அவரும் இருந்தார். 1931இல் எமது பாட்டிமாரும் வாக்குச்சீட்டைக் கையிலெடுக்க முடிந்ததில் அந்தத் தாய்க்கும் பங்குண்டு.

மினெட் பம்பாய்க்குச் சென்று கட்டடக்கலை படித்தார். 1942இல் காந்தியடிகளின் விடுதலையைக் கோரிய கூட்டமொன்றிற் கலந்துகொண்டதற்காகக் கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டார். படிப்பு இடையில் நின்றதே தவிர, அவர் ஓயவில்லை. இலண்டனுக்குச் சென்று படிப்பை முடித்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரானார். அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே. புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கோர்பூசியேயின் நட்பும் அவருக்குக் கிடைத்தது.

இலண்டனிலோ பம்பாயிலோ தங்கியிருக்கலாம். கொழும்பிலாவது அலுவலகம் திறந்திருக்கலாம். அவரோ 1949இல் கண்டிக்குத் திரும்பி, பெற்றோரின் வீட்டிலிருந்தே தொழிலைத் தொடங்கினார். அவருடைய முதற் கட்டடம் கண்டியின் மலைச்சரிவில் எழுந்த கருணாரத்ன இல்லம். சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு இசையவே வீட்டின் மட்டங்களை அமைத்தார். உள்ளே ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியம், தும்பறை நெசவு, கையாற் செய்து சுட்ட களிமண் ஓடுகள் என்பன இடம்பெற்றன. கொங்கிறீற்றும் கண்ணாடியும் நெசவாளரின் கைவேலையும் ஒரே கூரையின் கீழ் கூடின.

இங்கே எமக்கு நெருக்கமான ஒரு தொடர்பு உண்டு. கண்டிநாட்டுக் கைவினைகள் அழிந்துபோகின்றனவே என்று கவலைப்பட்டு, 1908இல் “மத்தியகால சிங்களக் கலை” என்னும் பெருநூலை வெளியிட்டவர் ஆனந்த குமாரசுவாமி. அவர் ஏட்டிற் பதிந்த கலைகளை மினெட் சுவரிலும் கதவிலும் பதித்தார். மாத்தளைப் பக்கத்துக் கைவினைஞர் அரக்கை நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தால் அழுத்திச் செய்யும் வேலையை நாம் கண்காட்சிகளிற் பார்த்திருப்போம். அத்தகைய அரக்கு வேலையை அவர் வீட்டுப் படிக்கட்டின் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். அழகுப் பொருளாக அலுமாரியில் வைக்கப்பட்டது, அன்றாடம் கைபடும் பொருளாயிற்று. கைவினைஞருக்கும் வேலை கிடைத்தது.

1950களின் பிற்பகுதியில், கண்டியை அடுத்த வட்டபுலுவையில் அரசாங்க ஊழியருக்காக ஏறத்தாழ 250 வீடுகள் கொண்ட திட்டத்தை அவர் வகுத்தார். வரைபடத்துக்கு முன்பே குடியேறவிருந்தோரிடம் கேள்விக்கொத்தைக் கொடுத்து, அவர்களுடைய குடும்பம், வருமானம், பழக்கவழக்கம் யாவற்றையும் கேட்டறிந்தார். அதில் வெவ்வேறு இனத்தவரும் மதத்தவரும் இருந்தனர். சமையலறை எங்கே, வழிபாட்டுக்கு எந்த மூலை, விருந்தினர் எங்கே இருப்பர் என்பதை வீட்டில் வாழ்பவரல்லவா அறிவார்? இன்று எவருக்கும் இயல்பாகத் தோன்றும் இந்த எண்ணம் அன்று புதுமையாயிருந்தது.

ஆயினும் பெண் என்பதால் தம் வேலை உரிய மதிப்பைப் பெறவில்லை என்ற மனக்குறை அவருக்கு இறுதிவரை இருந்தது. அவர் தொடங்கிய வழியிற் பின்னர் வந்த ஆண்களின் பெயர்கள் உலகெங்கும் பேசப்பட்டபோது, அவர் பெயர் பின்னுக்குப் போயிற்று. 1970களில் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலையைக் கற்பித்துத் திரும்பினார். இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் தங்கப்பதக்கம் 1996இற்றான் வந்தது. 1998 நவம்பரில், பிறந்த ஊராகிய கண்டியிலேயே காலமானார். அவருடைய தன்வரலாற்று நூல் வெளிவந்ததும் அதே ஆண்டிற்றான்.

நூறாண்டு விழாவில் நாம் வைத்தியர்களையும் அதிபர்களையும் பெருமையுடன் பட்டியலிடுகிறோம். அது தகும். அதே வேளையில், தையல் இயந்திரத்தாலும் தூரிகையாலும் வரைபலகையாலும் வாழ்வை அமைத்துக்கொண்ட எம் தோழியரின் பெயர்களையும் தேடி எழுதுவோம். காலம் கடந்து பதக்கம் கொடுப்பதைவிட, உரிய காலத்தில் ஒரு வரி எழுதிவைப்பது மேல். இன்று எமது பாடசாலையின் சித்திர அறையில் அமர்ந்திருக்கும் சிறுமியிடம், “இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்று எவரும் கேட்டால், கண்டியில் ஒரு பெண் இருந்தார் என்று அவள் தயங்காமற் சொல்லட்டும்.