சின்னம்மாவின் சர்க்கரைக் கவரும் சில அச்சுக் கதைகளும்

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கு கொஞ்சம் பெரிய பதிவு, டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

விஷயம் இதுதான். எங்க சின்னம்மா கவுந்தப்பாடிப் பக்கம் ஆலைக்காரங்ககிட்ட நாட்டுச்சர்க்கரை வாங்கி, சலிச்சு, அரைக்கிலோ பாக்கெட் போட்டு விக்கிறாங்க. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற அதே ஊர்ச் சர்க்கரைதான். மாசம் 300 பாக்கெட் போகும். ஒரு நாள் ராத்திரி போன்.

"ஏங்கண்ணு, டவுன்ல கடைக்காரங்க வாங்க மாட்டீங்கறாங்க. ஸ்டிக்கர் ஒட்டுன கவருன்னா ஊட்டுச் சரக்காட்ட இருக்குதாமா. கவர்லயே பிரிண்ட் அடிக்கோணும். சீட்டு எடுத்த காசு தொண்ணூறாயிரம் இருக்குது. நீ படிச்சவன், எதுல அடிக்கலாம்னு பாத்துச் சொல்லு."

நான் படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது சாப்ட்வேர். பிரிண்டிங் பத்தி எனக்கென்ன தெரியும்? ஆனா சின்னம்மா சீட்டுக்காசுன்னா சும்மா இல்லை. நாலு வருஷம் சிறுகச் சிறுகக் கட்டுனது. சரின்னு ஒரு சனிக்கிழமை கோயமுத்தூர்ல நாலு இடம் ஏறி இறங்கினேன். கிரேவியர், ஃப்ளெக்சோ, ஆஃப்செட், ஸ்கிரீன், டிஜிட்டல்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒண்ணுமே புரியல. வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணும் ஏன் பொறந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். அங்கதான் கதை சூடு பிடிச்சது.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க அப்புச்சி (சின்னம்மாவோட அப்பா) கோயமுத்தூர்ல ஒரு மில்லுல ரீலிங் பக்கம் வேலை பாத்தவர். நூலைச் சிட்டம் சிட்டமா சுத்தி, சிப்பமாக் கட்டி, மேல ஒரு கலர் லேபிள் வெச்சு அனுப்புவாங்க. அவர் டிரங்குப் பெட்டியில இன்னும் ஒண்ணு கிடக்கு. யானைப் படம். ஓரத்துல தங்க வண்ணம் உதிர்ந்து போச்சு, யானை மட்டும் அப்படியே நிக்குது.

கோயமுத்தூர்ல முதல் நூல் மில்லை ராபர்ட் ஸ்டேன்ஸ் ஆரம்பிச்சது 1888-ல். 1930-கள்ல பைக்காரா மின்சாரம் வந்தப்புறம் மில்லுங்க மளமளன்னு பெருகுச்சு. அதுக்கெல்லாம் முன்னாடியே மான்செஸ்டர் வியாபாரிங்க இந்தியாவுக்கு அனுப்புன துணியிலயும் நூல்லயும் சாமி படமும் மிருகப் படமும் போட்ட லேபிளை ஒட்டித்தான் அனுப்புனாங்க. ஏன்னா வாங்குற நெசவாளிக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. "யானை மார்க் குடுங்க"ன்னு கேப்பாரு. படம்தான் பேரு, படம்தான் தரத்துக்கு ஜவாப்தாரி. அடுத்தவன் மார்க்கைத் திருடி ஒட்டுறதைத் தடுக்க 1889-லயே இங்க சட்டம் வந்தாச்சு. மார்க்கைப் பதிவு பண்ணி வெச்சுக்கற சட்டம் வந்தது 1940-ல்.

அந்த மாதிரி கலர் லேபிளைச் சல்லிசா அடிக்க வெச்சது கல்லு. ஆமாங்க, நிஜக் கல்லு! ஜெர்மனியில பவேரியாக்காரர் அலோய்ஸ் செனஃபெல்டர், நாடகம் எழுதுறவரு. தன் நாடகத்தைத் தானே அச்சடிக்க ஆசை, செப்புத் தகடு வாங்கக் காசில்லை. 1796-ல ஒரு நாள் அவங்கம்மா சலவைக்குப் போற துணிக் கணக்கை எழுதச் சொல்ல, பக்கத்துல பேப்பர் இல்லாம சுண்ணாம்புக் கல்லுமேல எண்ணெய்ப் பசை மையால எழுதிட்டார். அதை வெச்சு நோண்டி நோண்டி அடுத்த ரெண்டு வருஷத்துல கண்டுபிடிச்சதுதான் லித்தோ. தத்துவம் நம்ம சமையக்கட்டுச் சமாச்சாரம்தான், எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது. படம் இருக்கற எடம் எண்ணெய்ப் பசை, மத்த எடம் ஈரம். மையை உருட்டினா படத்துமேல மட்டும் ஒட்டும். செதுக்குற வேலை மிச்சம். கலருக்கு ஒரு கல்லு வெச்சா கலர்ப்படம்.

நம்ம பக்கம் இதை வாழ்க்கையாவே மாத்திக்கிட்ட ஊரு சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தா போய் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்து, அடுத்த வருஷம் ஊர்ல தொழிலை ஆரம்பிச்சாங்க. தீப்பெட்டி காலணாச் சரக்கு, ஆனா லட்சக்கணக்குல போகும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு லேபிள் வேணும், அந்த லேபிள் பெட்டியை விட மலிவா இருக்கணும். அந்தக் கட்டாயத்துல 1920-களோட கடைசியில லித்தோ அச்சகம் அந்த ஊருக்கு வந்துச்சு. பின்னாடி பட்டாசு லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகைன்னு ஊரே அச்சுக்கூடமாச்சு. இன்னிக்கும் ஒரே பெரிய ஷீட்ல பத்துப் பேரோட வேலையைச் சேத்து அடிச்சு வெட்டிக் குடுக்கறாங்க பாருங்க, விசிட்டிங் கார்டு அவ்வளவு சல்லிசா வர்றது அதனாலதான். ஆரம்பச் செலவைப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கறாங்க. சீட்டுக் கம்பெனி மாதிரின்னு வெச்சுக்கங்களேன் :)

அடுத்தது தகர டப்பா. கல்லும் கெட்டி, தகரமும் கெட்டி. நேரா வெச்சு அழுத்தினா படம் சரியா விழாது. 1875-ல லண்டன்ல ராபர்ட் பார்க்ளே நடுவுல ஒரு உருளையைச் சொருகினார். படம் முதல்ல அந்த உருளைக்குப் போகும், அங்கிருந்து தகரத்துக்கு. பிஸ்கட் டப்பாவெல்லாம் கலர் கலரா வந்தது இதுக்கப்புறம்தான். பேப்பருக்கும் இதே வித்தை ஆகும்னு தெரிய இன்னும் முப்பது வருஷம் ஆச்சு. 1904-ல அமெரிக்காவுல ஐரா ரூபெல் மெஷின்ல ஒரு தடவை பேப்பர் உள்ள போகல. படம் ரப்பர் உருளைமேல விழுந்துச்சு. அடுத்த பேப்பரோட பின்பக்கம் அந்த ரப்பர்லேர்ந்து இறங்குன படம், முன்பக்கத்தை விடத் தெளிவா இருந்துச்சு. நாம தினமும் சொல்ற ஆஃப்செட் அதுதான். அட்டைப் பெட்டி, பேப்பர் லேபிளுக்கெல்லாம் இன்னிக்கும் ராஜா. திருப்பூர் பனியன் டப்பா கையில கிடைச்சா பாருங்க.

சின்னம்மா கேட்டது பிளாஸ்டிக் கவர். அதுக்கு ரெண்டு வழி.

ஒண்ணு கிரேவியர். இது துணிக்காரங்க வீட்டுப் பிள்ளை. செதுக்குன உருளையில துணிக்கு டிசைன் அடிக்கற மெஷினுக்கு 1783-லயே தாமஸ் பெல் காப்புரிமை வாங்கிட்டார். அந்த உருளைமேல போட்டோவையும் ஏத்தலாம்னு காட்டுனவர் பொஹீமியாவுல பொறந்த கரெல் க்ளீச். இங்கிலாந்துல லங்காஸ்டர் ஊர்ல துணி அச்சடிக்கற ஒரு கம்பெனியோட சேர்ந்து 1895-ல தொழிலே ஆரம்பிச்சார், ரகசியத்தை மட்டும் வெளிய விடல. செம்பு பூசுன சிலிண்டர்மேல கண்ணுக்குத் தெரியாத குழி குழியா இருக்கும். மை குழியில நிக்கும், மேல வழியறதை ஒரு பிளேடு வழிச்சுடும். மேல குரோமியம் பூசினா லட்சக்கணக்குல அடிச்சாலும் தேயாது. சிப்ஸ், மசாலா கவரெல்லாம் பளபளன்னு இருக்கே, படத்தைப் பாலியஸ்டர் தாளோட உள்பக்கம் திருப்பி அடிச்சு இன்னொரு தாளோட ஒட்டிடறாங்க. மை நடுவுல மாட்டிக்கும். நகத்தால சுரண்டினாலும் வராது.

இன்னொண்ணு ஃப்ளெக்சோ. ரப்பர் ஸ்டாம்போட பெரியண்ணன். 1890-ல லிவர்பூல்ல பிப்பி பேரன் கம்பெனி பேப்பர் பைக்காக ஒரு மெஷின் செஞ்சாங்க. மை ஈசிக்கிச்சு, ஊரே அதை 'பிப்பியோட பைத்தியக்காரத்தனம்'னு கிண்டல் பண்ணுச்சு. அப்புறம் அனிலைன் சாயம் போட்டுச் சரி பண்ணி, 'அனிலைன் பிரிண்டிங்'னே பேராச்சு. அனிலைன்னா விஷமாச்சே, சாப்பாட்டுக் கவருக்கு ஆகுமான்னு அமெரிக்காவுல ஜனங்க பயந்தாங்க. சாயத்தை மாத்தியும் பேர் போகல. கடைசியில 1952-ல பேரையே 'ஃப்ளெக்சோகிராஃபி'ன்னு மாத்திட்டாங்க. பேர் ராசி பாக்கறது நம்மூர்ல மட்டும் இல்லீங்க.

1907-ல மான்செஸ்டர்ல சாமுவேல் சைமன் காப்புரிமை வாங்குன ஸ்கிரீன் பிரிண்டிங்கையும் விட்டுறக் கூடாது. நம்ம கல்யாண மஞ்சப்பை அந்த ஜாதி. இருநூறு பைன்னாலும் கட்டுப்படியாகும். தகடே இல்லாத டிஜிட்டல் கலர் மெஷின் வந்தது 1993-ல், பென்னி லாண்டாவோட இண்டிகோ. பத்து லேபிள் கூட அடிச்சுக்கலாம், என்ன, ஒவ்வொண்ணுக்கும் விலை ஜாஸ்தி.

இவ்வளவும் படிச்சப்புறம் ஒண்ணு உறைச்சது. இதுல யாரும் "எது அழகு?"ன்னு ஆரம்பிக்கல. எதுமேல அடிக்கணும், எத்தனை அடிக்கணும், ஆரம்பத்துல எவ்வளவு போட முடியும், இந்த மூணுதான் எல்லாருக்கும் கேள்வி. சின்னம்மாவுக்கும் அதே மூணுதான்.

இப்போ கணக்கு (எங்களுக்குச் சொன்ன ரேட்டுங்க, உங்களுக்கு மாறும்). கிரேவியர்னா ஆறு கலருக்கு ஆறு சிலிண்டர், 36,000 ரூபாய். குறைஞ்சது 200 கிலோ கவர் எடுக்கணும், அது 50,000. ஆக 86,000, சீட்டுக்காசு காலி. 200 கிலோன்னா சுமார் 16,000 கவர், ஒண்ணு 3 ரூபாய் சொச்சம். வெறும் கவரும் டிஜிட்டல் லேபிளும்னா ஒண்ணுக்கு 6.50 ஆகுது, ஆனா ஆயிரம் மட்டும் வாங்கிக்கலாம். வித்தியாசம் 3.40. சிலிண்டர் காசு திரும்பி வர 10,600 பாக்கெட் விக்கணும். மாசம் 300-ன்னா மூணு வருஷம். எல்லாக் கவரும் தீர நாலரை வருஷம்!

அந்த நாலரை வருஷத்துல கவர்ல என்னென்ன மாறும்? உணவுப் பொட்டலத்துக்குன்னு 2018-ல தனி விதி வந்து, அச்சு மை வரைக்கும் தரம் சொல்லிட்டாங்க. 2021-ல வந்த திருத்தத்துல ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலைன்னும் போடணும்னு ஆச்சு. சிலிண்டர்ல செதுக்குனது செதுக்குனதுதான். சாப்ட்வேர் மாதிரி ராத்திரியோட ராத்திரியா பேட்ச் போட முடியாது.

சின்னம்மாகிட்ட எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "அப்ப டவுன் கடைக்கு வேண்டாங்கறயா?"ன்னாங்க. குரல் இறங்கிப் போச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கடைக்காரர் சொன்னதும் பொய் இல்லையே.

கடைசியில லேபிள்தான்னு முடிவாச்சு. ஆனா முன்ன மாதிரி துண்டு ஸ்டிக்கர் இல்லை, கவரோட முன்பக்கம் முழுசும் மூடற மாதிரி. நடுவுல என்ன படம் போடலாம்னு கேட்டேன். "அப்பாவோட பொட்டியில யானை இருக்குதல்ல, அதாட்டம் ஒண்ணு போடு"ன்னாங்க. யாரோட மார்க்கையும் சுடாம, நண்பன் ஒருத்தன் புதுசா ஒரு யானை வரைஞ்சு குடுத்தான்.

முதல் ஆயிரம் லேபிள் வந்துச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர் பாத்துட்டு, "தம்பி, எடைக்கு 'ஜிஎம்'னு போடக்கூடாது, வெறும் 'ஜி'தான், அபராதம் போடுவாங்க"ன்னார். ப்ரூஃப் பாத்தது யாரு? அடியேன்தான். ஆயிரம் லேபிளும் குப்பைக்கு, ரெண்டாயிரம் ரூபாய் என் கைக்காசு. அதுவே 16,000 கவரா இருந்திருந்தா... அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

இப்போ மாசம் 400 போகுது. டவுன்ல ஒரு கடை மட்டும் எடுக்குது, ரெண்டு கடை இன்னும் வேண்டாம்னுதான் சொல்லுது. சந்தையில வயசான அம்மிணிங்க "அந்த யானைச் சக்கரை குடு"ன்னு கேக்கறாங்களாம். மாசம் ஆயிரத்தைத் தொட்டா சிலிண்டர் போட்டுறலாம்னு சின்னம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

டிஸ்கி: உங்க வீட்டுப் பரண்ல பழைய நூல் லேபிள், தீப்பெட்டி லேபிள் இருந்தா பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுறாதீங்க மக்கா. என்ன படம்னு சொல்லுங்க, ஆசையாக் கேட்டுக்கறேன்.