பற்புழு என்னும் பழங்கதை

முதலமடை மாந்தோப்புகளில் காய் பறிக்கும் நம்மவர் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் குடையத் தொடங்கினால், அதனைப் பூச்சிப்பல் என்பார். அண்டை வீட்டு மலையாளத்தாரும் புழுப்பல்லு என்றே சொல்லுவர். எல்லைக்கு இருபுறமும் வழங்கும் இந்தப் புழுவின் வரலாறு மிகப் பழையது.

பல்லிலும் ஈற்றிலும் குடியிருக்க இடம் கேட்டுத் தெய்வத்திடம் முறையிட்ட புழுவின் கதை, பாபிலோனியரின் களிமண் பலகையொன்றில் உண்டு. சுசுருதரும் 8 பல்நோய்களுள் ஒன்றுக்குக் கிருமிதந்தம் என்றே பெயரிட்டார். கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அதன் புகையை வாயில் பிடிக்கும் நம் நாட்டு வழக்கம் இந்நம்பிக்கையின் வழிவந்ததே. ஐரோப்பாவில் குரோசாணி ஓம விதையைப் புகைத்துப் புழு விழுந்ததாகக் காட்டினர். விழுந்தது புழுவன்று, வெப்பத்தில் வெடித்த விதையின் வெண்ணிற முளைக்கருவே!

ஆயினும் சுசுருதரை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. ஈற்று நோய்கள் 15 என வகுத்த அவர், அவற்றுள் 5 புரையோடிய புண்கள் என்றார். புரை எந்தப் பல்லைப் பற்றி எழுந்ததோ அந்தப் பல்லை எடுக்க வேண்டும் என்றும் விதித்தார். சீழ் ஈற்றில் தோன்றினும் அதன் ஊற்று பல்லின் வேரில் இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள். இன்றைய மருத்துவரும் இதனை ஒப்புவர்.

புழுவைக் கொன்றவர்கள் பின்னர் வந்தனர். 1683-இல் லீவன்ஹூக் என்ற டச்சுத் துணி வணிகர், பல்லின் அழுக்கில் நெளியும் நுண்ணுயிர்களைத் தம் கண்ணாடியில் கண்டு எழுதினார். 1728-இல் பிரெஞ்சு மருத்துவர் போஷார், எத்தனை தேடியும் புழுவைக் காணவில்லை என்றார். உணவின் மாவையும் இனிப்பையும் நுண்ணுயிர்கள் அமிலமாக்குவதே பல் சொத்தைக்குக் காரணம் என 1890-இல் மில்லரின் நூல் விளக்கியது.

வலி விட்டுவிட்டுத் தெறித்தல், கடித்தால் நோதல், ஈற்றில் கொப்புளம், வாயில் துர்ச்சுவை, கன்ன வீக்கம், காய்ச்சல் ஆகியன சீழ் கோத்ததன் குறிகள். பல்லினுள் நரம்பு மடிந்ததும் வலி திடீரென நின்றுவிடுவதுண்டு. புழு செத்தது என்று மகிழ்வோரை நாம் கண்டிருக்கிறோம். நோயோ வேரின் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும்! வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளிக்கலாம். கிராம்புத் தைலம் நோவைச் சற்றே தணிக்கும். புகையிலையை அடக்கிவைப்பது தீது. சீழை வெளியேற்றி, வேர்ச் சிகிச்சை செய்தோ பல்லை எடுத்தோ மூலத்தை நீக்காமல், மாத்திரை மட்டும் விழுங்கினால் நோய் மீளும். நீரிழிவுள்ளோர் நாள் கடத்தலாகாது.

1953-இல் சென்னையில் பல் மருத்துவக் கல்வி தொடங்கியபோது, பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் அது கேரளத்தைச் சேர்ந்தது. 1959-இல் திருவனந்தபுரத்தில் பல் மருத்துவக் கல்லூரி எழுந்தது. இன்று அங்கே மருத்துவரிடம் செல்லும் நம்மவர், ஈற்றை மோண என்றும், வீக்கத்தை நீர் என்றும், சீழைப் பழுப்பு என்றும் சொன்னால் போதும்.

தாடையின் கீழ்ப்பகுதி கல்போல் வீங்கி மூச்சை அடைக்கும் நோயை 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மானியர் விவரித்தார். அது பெரும்பாலும் கீழ்க்கடைவாய்ப் பல்லிலிருந்து எழுவது. வாய் திறக்க இயலாமை, எச்சில் விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல், கண்வரை பரவும் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும், விடியும்வரை காத்திராமல் அந்த இரவே பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ உள்ள பெரிய மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.