குப்ருஸ் தந்த ஸத்ருல் அஃழம்

குப்ருஸ் என்றதும் நம் நினைவுக்கு வருபவர், கடல் கடந்து சென்று அம்மண்ணில் வஃபாத்தான உம்மு ஹராம் (ரழி) அவர்கள்தாம். இன்று சைப்ரஸ் என வழங்கும் அத்தீவு தன் மக்களையும் கடல் கடந்து அனுப்பியிருக்கிறது. 1571இல் உஸ்மானியரிடம் வந்த அச்சிறு நிலத்திலிருந்து, 19ஆம் நூற்றாண்டில் இருவர் பேரரசின் தலைமை அமைச்சராகிய ஸத்ருல் அஃழம் பதவிக்கு உயர்ந்தனர். ஒருவர் மும்முறை அப்பதவி வகித்த முஹம்மது அமீன் பாஷா. மற்றவர் நான்கு முறை வகித்த முஹம்மது காமில் பாஷா. பின்னவரைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

1830களின் தொடக்கத்தில் நிகோசியாவில் பிறந்த காமில், இளமையிலேயே எகிப்துக்குச் சென்று அங்கு ஆட்சியாளர் அப்பாஸிடம் பணியில் அமர்ந்தார். அரபி, பாரசீகம், பிரெஞ்சு, ஆங்கிலம், கிரேக்கம் ஆகியவற்றில் அவருக்குப் பயிற்சி இருந்தது. குலமோ செல்வமோ அன்று, இம்மொழியறிவே அவரை உயர்த்தியது என்பது நம் கருத்து. பின்னர் உஸ்மானிய அரசுப் பணிக்கு மாறி, ஹலப் உள்ளிட்ட மாகாணங்களை நிர்வகித்தார். 1885இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் அவரை முதன்முறையாக ஸத்ருல் அஃழமாக நியமித்தார். ஆறாண்டுகள் நீடித்த அப்பதவி, 1895இல் சில வாரங்களே நிலைத்தது. ஓய்ந்திருந்த காலத்தில் உஸ்மானிய அரசியல் வரலாற்றை மூன்று பாகங்களாக எழுதினார்.

ஆங்கிலேயரின் நட்பே பேரரசைக் காக்கும் என அவர் உறுதியாக நம்பினார். "ஆங்கிலேய காமில்" என்று மக்கள் அவரை அழைத்ததற்கு அதுவே காரணம். அவர் பிறந்த தீவையே 1878இல் அந்த ஆங்கிலேயர் தம் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்ட பின்னரும் அந்நம்பிக்கை தளராததை நம்மால் எளிதில் ஏற்க இயலவில்லை.

1912இல் பால்கன் போரில் பேரரசு தோற்றுக்கொண்டிருந்த வேளையில், ஏறத்தாழ எண்பது வயதில் நான்காம் முறையாகப் பொறுப்பேற்றார். எதிர்ந நகரை விட்டுக்கொடுக்குமாறு வல்லரசுகள் நெருக்கின. 1913 ஜனவரி 23 அன்று அன்வர் பே ஆயுதம் தாங்கியோருடன் அமைச்சரவை மாளிகைக்குள் புகுந்தார். போர் அமைச்சர் நாஸிம் பாஷா சுட்டுக் கொல்லப்பட்டார். காமிலிடம் பதவி விலகல் கடிதம் கேட்கப்பட்டது. படையினரின் கோரிக்கையால் விலகுவதாக முதியவர் எழுதினார். 'மக்களும்' என்ற சொல்லையும் சேர்க்குமாறு அன்வர் வற்புறுத்த, அதையும் சேர்த்தார். துப்பாக்கி முனையில் மக்களின் பெயரும் அவ்வாறுதான் அத்தாளில் ஏறியது.

தலைநகரில் இடமில்லாது போன அவரை ஆங்கிலேயர் நிர்வாகத்திலிருந்த தாயகத் தீவே ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு நவம்பர் 14 அன்று அங்கேயே வஃபாத்தானார். நிகோசியாவின் அரப் அஹ்மது பள்ளிவாசல் வளாகத்தில் அவருடைய கப்ரு உள்ளது. அதற்குக் கல்வெட்டு அமைத்தவர், பிற்காலத்தில் அத்தீவுக்கு ஆளுநராக வந்த ஆங்கிலேயர் ரொனால்ட் ஸ்டோர்ஸ்.