காகமும் களாம்பழமும்

பத்தாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு கோடிழுத்து அதை மூன்று பத்திகளாகப் பிரிப்பார். முதற்பத்தியில் ‘டால்’, இரண்டாவதில் ‘டாலர்’, மூன்றாவதில் ‘டாலெஸ்ட்’. ஈரோட்டுக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளி அது. பொதுத்தேர்வில் ‘டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்’ தவறாமல் வரும் என்பதால், ‘நோ அதர்’, ‘வெரி ஃபியூ’, ‘ஒன் ஆஃப் த’ என்னும் மூன்று தொடக்கங்களையும் மந்திரம்போல் உருவேற்றினோம். ஒருநாள் அவர் அதே கட்டத்திற்குள் தமிழையும் எழுதிக் காட்டினார்: உயரமான, அதைவிட உயரமான, மிக உயரமான. பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, “தமிழில் சொல் மாறவே இல்லீங்களே ஐயா?” என்றான். “தமிழில் அது கிடையாதப்பா” என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார்.

அந்தக் ‘கிடையாது’ என்னுள் நெடுங்காலம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மொழியில் ஒன்று கிடையாது என்பதை யார், எதை வைத்து முதலில் முடிவுசெய்தார்கள்? இக்கேள்வியைப் பின்தொடர்ந்து போனபோது கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

கொங்கு நாட்டிலிருந்தே தொடங்கலாம். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தைப் பவணந்தி முனிவரின் ஊராகிய சனகாபுரம் என்று கொள்வது கொங்கு மரபு. கொங்கு மண்டல சதகமும் அவரைத் தன் மண்ணின் பெருமைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. மைசூர்ப் பகுதியே அவர் ஊர் என்போரும் உண்டு. அவரைப் புரந்த சீயகங்கன் கங்க மரபினன் ஆதலால் அக்கூற்றையும் எளிதில் தள்ளிவிட முடியாது. சீனாபுரமும் விசயமங்கலமும் சமணம் செழித்த ஊர்கள் என்பதும், சமணராகிய பவணந்தி பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய நன்னூல் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் தமிழ் மாணவர்களின் பாடநூலாக நின்றது என்பதும் ஐயமற்றவை.

அந்த நன்னூலில் மூன்று பத்திக் கட்டம் எங்கும் இல்லை. ‘அட்ஜெக்டிவ்’ என்பதற்கு நேரான தனிச்சொல்வகையும் இல்லை. பெயர், வினை, இடை, உரி என நான்கே. ஒப்பிடும் வேலை வேற்றுமையியலில், ஐந்தாம் வேற்றுமையின் ‘இன்’ உருபிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று அவ்வுருபுக்குச் சொல்லப்படும் நான்கு பொருள்களை எங்கள் தலைமுறை வரை மனப்பாடம் செய்தவர்கள்தாம். ஆனால் அவற்றுள் இரண்டாவதாக நிற்பதுதான் ஆங்கில வகுப்பில் படித்த ‘கம்பேரிசன்’ என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் அடுத்தடுத்த அறைகளில் ஒரே பொருளை நடத்திக்கொண்டிருந்தனர். இடையிலே ஒரு சுவர்.

தொல்காப்பியம் இன்னும் விரிவாகப் பேசுகிறது. ஐந்தாம் வேற்றுமை எவ்வெப் பொருள்களில் வரும் என்று சொல்லுமிடத்தில் நிறம், வடிவம், அளவு, சுவை, குளிர்ச்சி, வெம்மை, நன்மை, தீமை, சிறுமை, பெருமை, வன்மை, மென்மை, முதுமை, இளமை, புதுமை, பழமை எனத் தொல்காப்பியர் நீண்ட பட்டியல் ஒன்று தருகிறார். மேலோட்டமாகப் படிப்பவருக்கு அலுப்பூட்டும் அடுக்கு. ஆனால் 1977-இல் ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் என்னும் மொழியியலாளர், பெயரடைக்கெனத் தனிச்சொல்வகை இல்லாத மொழிகளில் அக்கருத்துகள் எங்கே போகின்றன என்று ஆராய்ந்து, உலக மொழிகளின் பண்புச்சொற்களை ஏழு வகையாகப் பிரித்தார். அளவு, இயற்பண்பு, நிறம், மனித இயல்பு, வயது, மதிப்பு, வேகம் என்பன அவை. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்த மாலையில் நான் சற்று நேரம் எழுந்திருக்கவில்லை. ‘அட்ஜெக்டிவ்’ என்ற பெயர் வைக்காமலே, எந்தெந்தப் பண்புகளைக் கொண்டு மனிதர் பொருள்களை ஒப்பிடுவர் என்று தொல்காப்பியர் தொகுத்துவிட்டிருக்கிறார். இரண்டும் ஒன்றேயென்று நான் சொல்லவில்லை. நீங்குதல், பற்றுவிடுதல் போன்றவையும் அவர் பட்டியலில் கலந்தே கிடக்கின்றன. உருபின் பொருளைச் சொல்வதுதான் அவர் நோக்கம். ஆயினும் ஒப்புமை தற்செயலன்று.

உரையாசிரியர்கள் இங்கே ஒரு நுட்பமான சிக்கலைக் கண்டார்கள். களாம்பழத்தின் கருமையைக் காகத்தோடு வைத்துப் பேசும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கொங்குக் கரட்டுக் காடுகளில் களாம்பழம் பறித்து நாக்கைக் கறையாக்கிக்கொண்டவர்களுக்கு அந்தக் கருமை தெரியும். ‘காக்கையின்’ என்று ‘இன்’ உருபு சேர்த்துச் சொன்னால் காக்கைபோல் கரியது என்றும் பொருள்படும், காக்கையைவிடக் கரியது என்றும் பொருள்படும். முன்னதை உவமப் பொரு என்றும் பின்னதை உறழ் பொரு என்றும் பிரித்தனர். ஓர் உருபு சமத்தையும் மிகுதியையும் ஒருங்கே சுமக்க, எது கருதப்பட்டது என்பதை இடம் காட்டும். கவிதைக்கு இது வரம். நிலத்தை அளந்து பத்திரம் எழுதுபவனுக்குச் சங்கடம்.

அச்சங்கடத்தைத் தீர்க்க மக்கள் இலக்கண நூலுக்காகக் காத்திருக்கவில்லை. ‘அதை விட’ என்றார்கள். விடு என்னும் வினை அது. ‘அதைக் காட்டிலும்’ என்றார்கள். காட்டு என்னும் வினை. ‘அதைப் பார்க்கிலும்’ என்றார்கள். பார் என்னும் வினை. அதை விட்டுவிடு, அதைக் காட்டினாலும் சரி, அதைப் பார்த்தாலும் சரி, இது பெரியது. சந்தையில் இரண்டு பொருள்களைக் கையிலெடுத்துப் பார்த்து ஒன்றைக் கீழே வைக்கும் செயலே இலக்கணமாக உறைந்துவிட்டது. வினைக்கு முன் வரும் அடைக்கும் இதுவே வழி: ‘அவனை விட வேகமாக ஓடினான்’ என்பதில் ‘வேகமாக’ என்ற சொல் சற்றும் அசையவில்லை. ஆங்கிலத்தின் ‘தேன்’ என்ற ஒப்பீட்டுச் சொல்லும் இத்தகைய பழைய கதை உடையதே. ‘பிறகு’ என்று பொருள்படும் ‘தென்’ என்பதும் அதுவும் ஒருகாலத்தில் ஒரே சொல். இவன் உயர்ந்தவன், பிறகு அவன் என்று வரிசைப்படுத்தியதிலிருந்து பிறந்தது அது என்பர். அவர்கள் வரிசையில் நிறுத்தினார்கள், நாம் விட்டுவிட்டோம்.

இனி அந்த மூன்று பத்திகள். அவை ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து அல்ல. கிரேக்க இலக்கணக்காரர் தியோனீசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் நூல், ஒப்பீட்டு வடிவத்தையும் உச்ச வடிவத்தையும் பெயர்ச்சொல்லிலிருந்து பிறக்கும் ஏழு வகைகளுள் இரண்டாக வைக்கிறது. பண்புச்சொல்லும் அவர்களுக்குப் பெயர்ச்சொல்லே. இதில் கிரேக்கரும் தமிழரும் அருகருகே நிற்கிறார்கள். உரோமர் அதை மூன்று படிகளாக்க, இலத்தீன் வழியே ஐரோப்பிய மொழிகள் அனைத்திற்கும் அச்சட்டகம் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலம் அதற்குள் எளிதில் அடங்கவுமில்லை. ‘-அர்’, ‘-எஸ்ட்’ என்னும் விகுதிகள் ஒருபுறமும் ‘மோர்’, ‘மோஸ்ட்’ என்னும் தனிச்சொற்கள் மறுபுறமும் நிற்க, இரண்டையும் ஒருங்கே பூட்டி எழுதுவது ஷேக்ஸ்பியர் காலத்தில் இயல்பு. ஜூலியஸ் சீசர் நாடகத்திலேயே காணலாம். 1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் போன்றோர்தாம் அதைப் பிழையென்று ஒதுக்கினர். எங்கள் வகுப்பில் ‘மோர் பெட்டர்’ என்று எழுதிச் சிவப்பு மை வாங்கிய நண்பனுக்கு இதை அன்றே சொல்லியிருக்கலாம்.

தமிழை இச்சட்டகத்தின் வழியே முதலில் பார்த்தவர்கள் ஐரோப்பியப் பாதிரிமார். சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் இலத்தீனில் அச்சாயிற்று. வீரமாமுனிவரும் பேச்சுத்தமிழுக்கு இலத்தீனிலேயே இலக்கணம் எழுதினார். இவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. தெரிந்த அலமாரியில்தானே புதுப்பொருளை வைக்க முடியும்? அலமாரியில் ஓர் அறை காலியாக இருந்தால் பொருள் குறைபட்டது என்று தோன்றிவிடுவதுதான் ஆபத்து.

இவ்விடத்தில் கால்டுவெல்லை நினைக்கவேண்டும். 1841-இல் சென்னையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டு, தஞ்சை, திருச்சி வழியே நீலகிரி ஏறி, உதகையில் குருப்பட்டம் பெற்று, பின்னர் இடையன்குடி சேர்ந்தவர். திருச்சியிலிருந்து நீலகிரிக்குப் போகிறவர் கொங்குச் சமவெளியைக் கடந்தாக வேண்டும். 1856-இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், இம்மொழிகள் ஐரோப்பிய மொழிகளைப்போல் விகுதி சேர்த்து ஒப்பிடுவதில்லை என்று தெளிவாகக் கூறுகிறார். எங்கள் ஆசிரியரின் ‘கிடையாது’ அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் கால்டுவெல் அதோடு நிற்கவில்லை என்பதே முக்கியம். ‘அவற்றில் இது நல்லது’ என்பதில் உள்ள உருபு நீங்கலைக் குறிப்பதன்று, இடத்தைக் குறிப்பது என்று தமிழ் இலக்கணிகளோடு வாதிடுகிறார். அதற்கும் மேலாக, இத்தகைய நேர் ஒப்பீட்டு வாக்கியங்களை ஐரோப்பியர்தாம் பெரிதும் கையாளுகின்றனர் என்றும், இம்மண்ணின் மக்கள் ஒப்பீட்டை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘இதுவே’, ‘இதுதான்’ என்று அழுத்திச் சொல்லிப் பொருளை உணர்த்திவிடுகின்றனர் என்றும் கவனித்திருக்கிறார். அயலவர் ஒருவரின் காது இவ்வளவு கூர்மையாக இருந்தது வியப்பே. அவருடைய மற்ற முடிவுகள் பலவற்றோடு முரண்படுகிறவனாகிய நான் இதில் அவர் பக்கம்.

அவர் சொன்னது உண்மையா என்று அறிய வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால் போதும். சித்திரையில் மாரியம்மன் தேர்த்திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தை. காங்கேயம் காளைகளுக்குப் பேர்போனது. மயிலையும் காரியும் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருக்க, ஒரு பெரியவரிடம், “இந்த ரெண்டுல எதுங்க நல்ல காளை?” என்று கேட்டேன். “மயிலைதானுங்க காளை” என்றார். அவ்வளவுதான். ‘விட’ இல்லை, ‘மிக’ இல்லை, ‘நல்ல’ என்பதுகூட இல்லை. காரி காளையே அல்ல என்றாகிவிட்டது! மூன்று பத்திகளில் எதிலும் அடங்காத இந்த ஒப்பீட்டை எந்தத் தேர்வுத்தாளில் எழுதுவது? எங்கள் பாட்டி காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டு, “நேத்தைக்கு இன்னிக்குத் தேவலை கண்ணு” என்பாள். நான்காம் வேற்றுமையும் ‘தேவலை’யும் போதும், ‘பெட்டர்’ முழுதாக வந்துவிட்டது.

வடமொழியின் செல்வாக்கைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தரம், தமம் என்னும் இரு விகுதிகளால் ஒப்பீட்டையும் உச்சத்தையும் உணர்த்தும் மொழி அது. ‘உத்தமம்’ என்ற சொல்லிலேயே உச்ச விகுதி அமர்ந்திருக்கிறது. தமிழர் அச்சொல்லை வாங்கிக்கொண்டு, விகுதியை உணராமல், ‘மிகவும் உத்தமம்’ என்றார்கள். ஷேக்ஸ்பியர் செய்ததையே நாமும் செய்தோம் என்று ஆறுதல் கொள்ளலாம்.

இக்கதையில் கோவைக்கு இன்னோர் இடமும் உண்டு. தி.சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வியமைச்சராக இருந்தபோது உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்வி வேரூன்றியது. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் 1954 தொடங்கி 1968 வரை வெளிவந்தன. ஜி.ஆர். தாமோதரன் கோவையிலிருந்து ‘கலைக்கதிர்’ என்னும் அறிவியல் இதழை நடத்தினார். 1960-இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டவகுப்பு சோதனை முயற்சியாகத் தொடங்கிற்று. இம்முயற்சிகள் யாவும் ஒரு நடைமுறைக் கேள்வியை எதிர்கொண்டன. பாதரசம் இரும்பைவிட அடர்த்தி மிக்கது என்று எழுதும்போது உவமப் பொருவா, உறழ் பொருவா என்ற ஐயத்திற்கே இடமிருக்கக்கூடாது. ‘இன்’ உருபு அங்கே உதவாது. அறிவியல் உரைநடை ‘விட’ என்பதையே பற்றிக்கொண்டது. விகுதி இல்லாத மொழியில் இயற்பியலும் பொருளியலும் எழுத முடியுமா என்று கேட்டவர்களுக்கு, தமிழ்வழியில் படித்துத் தேறிய முதல் தலைமுறை மாணவர்களே விடையாக நின்றார்கள்.

உலக மொழிகளைக் கணக்கெடுத்த லியோன் ஸ்டாசன், 167 மொழிகளின் ஒப்பீட்டு முறைகளை வகைப்படுத்தியிருக்கிறார். தமிழின் ‘இன்’, ‘இல்’ போல இடவுருபு கொண்டு ஒப்பிடும் வகையில் 78 மொழிகள்; ஆங்கிலத்தைப்போல் தனி இடைச்சொல் கொண்டு ஒப்பிடுபவை 22 மட்டுமே, அவற்றிற் பெரும்பாலானவை ஐரோப்பாவில். கரும்பலகையில் எதைக் ‘கிடையாது’ என்று எழுதவேண்டியிருந்தது என்பதை இனி வாசகரே முடிவுசெய்துகொள்ளட்டும்.

மொழி சும்மா இருப்பதுமில்லை. ‘ஆகப்பெரிய’, ‘ஆகச்சிறந்த’ என்னும் வழக்கு இலக்கிய எழுத்தில் இன்று பரவியிருக்கிறது. ஈழத்துத் தமிழர்க்கு அது அன்றாடப் பேச்சு. இங்கே சிலருக்குக் காதில் உரசுகிறது. ‘ஆக’ என்ற பழஞ்சொல் கண்முன்னாலேயே உச்சத்தைக் குறிக்கும் முன்னொட்டாக மாறிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. என் எரிச்சலெல்லாம் ‘மிகச்சிறந்த நாவல்களில் ஒன்று’ என்பதன்மேல்தான். ‘ஒன் ஆஃப் த’ மந்திரத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்திருந்தேன். நூல் மதிப்புரைகளைத் திறந்தால் பத்திக்கொன்று கிடைக்கிறது. கண்ணபுரத்துப் பெரியவரிடம் அந்த நாவலைக் கொடுத்திருந்தால், “இதுதானுங்க நாவல்” என்றிருப்பார், அல்லது திருப்பிக் கொடுத்திருப்பார்.