மூளையாகு எண்டு சொன்னது யார்?

முளையத்தின் முதுகுப்பக்கக் கலங்கள் மூளையாகின்றன. அதே படையில் வயிற்றுப்பக்கம் இருப்பவை தோலாகின்றன. ஆருக்கு என்ன வேலை எண்டு சொல்லிக்குடுத்தது யார்? நூறு வருசத்துக்கு முன்னம் இதற்கு விடை தந்த பரிசோதனையைக் கையால் செய்தவர் ஒரு மாணவி.

ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில், ஹான்ஸ் ஸ்பீமனிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தார் ஹில்டே மாங்கோல்ட். அவர் எடுத்துக்கொண்டது நியூட் எனும், பல்லி மாதிரித் தோற்றமுள்ள ஈரூடகவாழியின் முட்டைகள். ஓர் இனத்தின் கலங்கள் வெளிர், மற்றதன் கலங்களில் நிறமுண்டு. அதனால் ஒட்டிய துண்டு எது, உடம்பு எது எண்டு பிறகும் பிரிச்சுப் பார்க்கலாம்.

முளையத்தின் வெளிப்படை உள்ளே மடிந்து போகிற இடத்தில் ஒரு சின்ன உதடு இருக்கும். வெளிர் முளையத்தில் அதை வெட்டி, நிறமுள்ளதன் வயிற்றுப்பக்கம் ஒட்டினார். அன்டிபயோட்டிக் இல்லாத காலம். பெரும்பாலானவை செத்துப்போயின. கட்டுரையில் விவரிக்கப்பட்டவை வெறும் ஆறு. ஆனால் அவற்றில் வயிற்றுப்பக்கம் இரண்டாவது நரம்புக்குழாய் வளர்ந்திருந்தது. அந்தக் குழாயில் பெரும்பங்கு நிறமுள்ள கலங்கள்! தோலாக வேண்டியவற்றை, வந்த விருந்தாளி நரம்பாக மாத்திவிட்டது.

1924இல் கட்டுரை வெளியானது. ஸ்பீமனின் பெயர் முதலில். அதே வருடம் செப்டெம்பரில், வீட்டு ஹீற்றர் வெடித்த தீக்காயங்களால் ஹில்டே இறந்தார். வயது 25. 1935இல் நோபல் பரிசு ஸ்பீமனுக்கு மட்டும்.

1933இல் ஹில்டேயின் கணவர் ஒட்டோ மாங்கோல்ட் இன்னொன்றைக் காட்டினார். உள்ளே மடிந்த இழையத்தின் முன்பகுதியை ஒட்டினால் தலை உறுப்புகள், பின்பகுதியை ஒட்டினால் உடலும் வாலும். மூளையின் முன்பின் வரைபடத்தையும் கீழேயிருக்கிற இழையம்தான் போடுது.

அந்தச் செய்தி என்ன? அறுபது வருசத்துக்கு மேல் தேடினார்கள். 1992இல் நொகின், 1994இல் கோர்டின் எண்ட புரதங்கள் பிடிபட்டன. இவை செய்வது கட்டளை இடுறதில்லை. வெளிப்படைக் கலங்களைத் தோலாக்குகிற பிஎம்பி சமிக்ஞையைப் பிடித்து நிறுத்துவது மட்டும்தான். தடை விலகினால் அந்தக் கலங்கள் தாமாகவே நரம்பாகும்.

அயலில் ஒருவர் தடையை எடுத்துவிட்டதால்தான் எங்கட மூளையே உருவானது. அதைக் கண்டுபிடித்த கைகளின் பெயரையும் சேர்த்தே சொல்லிப் பழகுவோம்.