எண்ணெய்க்கு முன் நீர்: எண்ணூர்க் கழிமுகத்தில் உறிஞ்சு பொருள்களின் நனைதலை அளத்தல்

1. சிக்கல்

மாதவரத்து லாரிப் பட்டறைகளில் தரையில் ஆயில் கொட்டினால் பனியன் வேஸ்ட் போட்டுத் துடைப்பார்கள்; அல்லது மரத்தூள் தூவுவார்கள். இரண்டும் நன்றாகவே உறிஞ்சும். ஆனால் மணலியைத் தாண்டி எண்ணூர்க் கழிமுகத்தில் அதே பனியன் வேஸ்ட்டைப் போட்டால் அது தண்ணீரைக் குடித்துவிட்டு அமிழும்.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதி எண்ணெய் கழிமுகத்தில் படர்ந்தது. இரண்டு முறையும் எண்ணெயை மனிதர்கள் கையால் அள்ளினார்கள். அடுத்த முறைக்கு எந்தப் பொருளை வாங்கி வைப்பது என்று முடிவு செய்ய, ஒரு கிராம் பஞ்சு எத்தனை கிராம் எண்ணெய் பிடிக்கும் என்ற கணக்கு போதாது. பொருளின் துளைக்குள் முதலில் நுழைவது எண்ணெயா, நீரா என்று அளக்க வேண்டும்.

2. அளக்கும் முறை

2.1 நுண்புழை ஏற்றம்

1918இல் லூக்காஸும் 1921இல் வாஷ்பர்னும் தந்த சமன்பாடே அடிப்படை. பொருளை ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து, அடிமுனை திரவத்தைத் தொடும்படி தராசில் தொங்கவிடுவார்கள். ஏறிய எடையின் வர்க்கத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் தொடக்கத்தில் நேர்கோடு கிடைக்கும். அதன் சரிவு திரவத்தின் அடர்த்தி, பரப்பு இழுவிசை, பாகுநிலை, சேர்கோணம் (திரவம் திண்மப் பரப்பைத் தொடும் கோணம்) ஆகியவற்றோடு அடைப்பின் மாறிலியையும் சார்ந்தது. மாறிலியை முதலில் ஹெக்சேன் கொண்டு கண்டறிவது வழக்கம். அது ஏறக்குறைய எதையும் முழுமையாக நனைப்பதால் கோணத்தைச் சுழி என்று கொள்ளலாம்.

2.2 பாகுநிலை

கப்பல் எரிஎண்ணெய் விஷயத்தில் பாகுநிலைதான் ஆளைக் கவிழ்ப்பது. நீரைப்போல் 500 மடங்கு பாகுநிலையும், நீரில் பாதிக்கும் குறைந்த பரப்பு இழுவிசையும் உள்ள ஓர் எண்ணெய், முழுமையாக நனைத்தாலும்கூட, அதே உயரம் ஏற ஆயிரம் மடங்குக்கும் மேல் நேரம் எடுக்கும். டீசலில் சோதித்த பஞ்சின் வேகத்தை எரிஎண்ணெய்க்குப் பொருத்துவது தவறு.

3. முறையின் எல்லைகள்

தலையணைக்கு அடைக்கும் இலவம் பஞ்சின் இழை உள்ளீடற்றது. மேலே மெழுகுப் படலம் உண்டு. நீரின் சேர்கோணம் 90 பாகைக்கு மேல் போவதால் நீர் தானாக உள்ளே ஏறாது. எண்ணெய் ஏறும். ஆனால் நீர் ஏறாத இடத்தில் வாஷ்பர்ன் முறை கோணத்தைச் சொல்லாது. அதற்குத் தனி இழையைத் திரவத்தில் இறக்கி விசையை அளக்க வேண்டும். சோப்புக் காரத்தில் துவைத்த பஞ்சில் மெழுகு போய்விடும்; பிறகு அதுவும் பனியன் வேஸ்ட் போலத்தான்.

தென்னை நாரில் சிக்கல் வேறு. நீரில் அது உப்புவதால் துளையின் அளவே மாறுகிறது. ஹெக்சேனில் கண்ட மாறிலி அங்கே செல்லாது.

கிராமுக்குக் கிராம் கணக்கின்மேல் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. இலவம் பஞ்சுக்கு எடையே இல்லை என்பதால், அந்தச் சிறிய எடையால் வகுத்தால் விடை எப்போதும் பெரிதாகத்தான் வரும். படகில் ஏற்றிச் செல்பவருக்குக் கொள்ளளவுதான் கணக்கு.

4. கழிமுகத்துக்கான சோதனை

உறிஞ்சு பொருள்களுக்கான அமெரிக்கத் தரமுறை ஏஎஸ்டிஎம் எஃப்726இல், பொருளை முதலில் நீரோடு குலுக்கிவிட்டுப் பிறகு எண்ணெயில் இடும் சோதனை ஒன்று இருக்கிறது. எண்ணூருக்கு அதையே முதல் சோதனையாக வைக்க வேண்டும். உலர்ந்த நிலையில் வந்த எண் வெறும் துணைத் தகவல். நீர் புகுந்த துளையில் எண்ணெய் நுழைய, எண்ணெய்–நீர் இடைமுக இழுவிசையோடும் நீரின்மேல் இழைக்குள்ள விருப்பத்தோடும் போராட வேண்டும். வெளுத்த பருத்தியில் அந்தப் போராட்டத்தில் எண்ணெய் தோற்கும். எடுத்த பிறகு எடை பார்த்தாலும் போதாது. பிடித்ததில் எண்ணெய் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று வடித்துப் பிரித்தாக வேண்டும்.

சோதனை நீரில் உப்பு பெரிய வேறுபாடு செய்யாது. கடல்நீரின் பரப்பு இழுவிசை நன்னீரைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். வெள்ளத்தின் சேறு அப்படியல்ல: அது மெழுகின்மேல் ஒட்டும், துளை வாயை அடைக்கும். எனவே ஆய்வகத்தில் உப்பு கரைத்த நீர் வேண்டாம். மழைக்காலக் கழிமுக நீரையே, சேற்றைத் தெளியவிடாமல், எடுத்துவந்து சோதிக்க வேண்டும்.