துணி போர்த்திய பெல்மெட்

பெல்மெட் என்பது சாளரத்தின் மேற்பகுதியில் திரைச்சீலைக் கம்பியை மறைக்கும் பெட்டி போன்ற அமைப்பாகும். இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் பெல்மெட் எனப்படும் இது, ஐக்கிய அமெரிக்காவில் கார்னிஸ் என அழைக்கப்படுகின்றது. செந்நெறிக்காலக் கட்டிடங்களின் உச்சியில் பிதுங்கி நிற்கும் விளிம்பின் பெயரும் அதுவே.

வீட்டில் செய்யக்கூடிய எளிய வடிவம் முன்பலகை, மேற்பலகை, இரு பக்கப் பலகைகள் ஆகியவற்றால் ஆனது. அடிப்பக்கமும் சுவர்ப்பக்கமும் திறந்திருக்கும். 12 மிமீ பிளைவுட் போதுமானது. அளவெடுக்க வேண்டியது சாளரத்தை அன்று, திரைக்கம்பியை. அதன் முனைகளுக்கு அப்பாலும் சில செ.மீ. இடம் விடவேண்டும். திரை உராயாமல் நகருமளவு ஆழமும் தேவை.

பெட்டியைப் பூட்டியபின் மெல்லிய பஞ்சு விரிப்பை ஒட்டி, அதன்மேல் துணியை இழுத்து, உட்புறம் மடித்து ஸ்டேப்ளர் பின்களால் பொருத்துவர். நடுவில் தொடங்கி முனைகளை நோக்கிச் சென்றால் சுருக்கம் விழாது. துணியின் அகலம் போதாவிடில் முழுத் துண்டை நடுவில் வைத்து, இணைப்புகளை இரு ஓரங்களில் சமமாக அமைப்பது வழக்கம். நடுவில் வரும் தையல் கண்ணை உறுத்தும்.

பெல்மெட் வெறும் அலங்காரமன்று. குளிர் நாடுகளில் கண்ணாடியை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழிறங்க, அறையின் வெப்பக்காற்று மேலிருந்து திரைக்குப் பின்னே புகுகின்றது. இச்சுழற்சியால் வெப்பம் வீணாகின்றது. மேற்பலகை இடைவெளியின்றிச் சுவரோடு பொருந்தினால் இது பெருமளவு தடைப்படும். முன்பலகை மட்டுமுள்ள மலிவான வடிவங்களால் இப்பயன் கிட்டுவதில்லை.

பெட்டியைத் தாங்கும் எல் வடிவத் தாங்கிகளைச் சுவர்ப்பூச்சில் மட்டுமன்றி, செங்கல் வரை துளையிட்டு முளை இறக்கித் திருக வேண்டும். திரைக்கம்பியும் பெல்மெட்டிலேயே பொருத்தப்படுமாயின், திரையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அவ்விசை இத்தாங்கிகளுக்கே செல்லும்.